பழசும் ஓடணும்

“பழைய பெட்டி இன்னும் எவன் வீட்டுல சார் இருக்கு? ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, நான் வாயை மூடிக்கிறேன்!”

டிரைவரம்மா மேஜையைத் தட்டிய வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது. அவள் வண்டி ஓட்டுபவள் அல்ல. கருவிகளை வேலை வாங்கும் ‘டிரைவர்’ என்ற மென்பொருளை எழுதுபவள். மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டிகளைச் செய்யும் நிறுவனம் அது.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ஸ்பீட் பிரேக்கர். அவர் தலையசைக்காமல் அங்கிருந்து ஒரு வரி மென்பொருள்கூட வெளியே போகாது.

எந்தக் கம்பி எதற்கு என்ற குறிப்பு ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பதிந்திருக்கும். பழைய பெட்டிகளில் முதல் கம்பி நீர்மட்டம் காட்டும் மிதவை, இரண்டாம் கம்பி மோட்டார் என்று வெறும் வரிசைதான். புதிய பெட்டிகளில் கம்பிக்குக் கம்பி அழகாகப் பெயர் வைத்திருந்தாள் அவள். புது டிரைவர் அந்தப் பெயர்களைத்தான் தேடும். வரிசையைப் படிக்கும் பழைய பகுதியைத் தலைமுழுகிவிட்டாள்.

ஆறு மாத உழைப்பு. அவர் சரி என்றால் நாலு மணிக்கு இணையம் வழியே எல்லா வீடுகளுக்கும் போய்விடும். கொண்டாட ஒரு பெட்டி சாக்லேட்கூட வாங்கி வைத்திருந்தாள். இந்த மனுஷனோ அசைந்து கொடுப்பதாக இல்லை.

“பழசும் ஓடணும் மேடம். பெட்டிக்குள்ள பதிஞ்ச குறிப்பை வீடு வீடாப் போய் அழிச்சு எழுத முடியுமா? அதைப் படிச்சுக்குவோம்னு சொல்லித்தானே வித்தோம்?”

“வித்து எட்டு வருஷமாச்சு! அப்புறம் பாதி விலைக்குப் புதுசு கொடுத்தோம். எல்லாரும் மாத்திட்டாங்க. எங்க வீட்டுக்கே ஒண்ணு வாங்கிட்டுப் போனேன்.”

“எல்லாரும்னு எப்படிச் சொல்றீங்க?”

“பின்னே? பழசைக் கட்டிக்கிட்டு அழுறதுக்கு எவனாவது ஒரு கஞ்சன் இருந்தான்னா, அவனுக்காக நான் நானூறு வரியைச் சுமக்கணுமா?”

மேஜை மேல் கைப்பேசி அதிர்ந்தது. வீட்டிலிருந்துதான். காலையிலிருந்து இது நாலாவது தடவை. சண்டை சூடு பிடித்திருக்கும்போது யார் எடுப்பார்கள்? கவிழ்த்து வைத்தாள்.

அப்போதுதான் வாடிக்கையாளர் சேவைப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“மேடம், சோதனைக்குன்னு காலையில ஐம்பது வீட்டுக்குப் புது டிரைவரை அனுப்பினீங்களே, அதுல ஒரு வீட்டுல மோட்டார் நிக்கவே இல்லையாம்! ஒரு பெரியவர் என்னைப் பிடி பிடின்னு பிடிச்சிட்டார். நீங்களே கேளுங்க.”

அந்த அழைப்பின் பதிவை ஓட விட்டாள். கணீரென்று ஒரு குரல் அறையை நிறைத்தது.

“ஏம்மா, மாடியிலேருந்து தண்ணி அருவியாக் கொட்டுது! காயப்போட்ட துணியெல்லாம் மறுபடியும் துவைச்சாச்சு. நானே ஓடிப்போய் சுவிட்சை அணைச்சேன். எட்டு வருஷமா ஒருநாள்கூட மக்கர் பண்ணாத பெட்டிம்மா அது! புதுசு ஒண்ணு அலமாரியில உறை பிரிக்காம இருக்கு. நல்லா ஓடுறதை எதுக்கும்மா கழட்டணும்? இந்தக் கூத்தைப் பண்ணின புண்ணியவான் யாரு? அவன் வீட்டு மாடியில இப்படிக் கொட்டினாத்தான் அவனுக்கு உறைக்கும்!”

ஸ்பீட் பிரேக்கர் குனிந்து பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். “ஒரே ஒரு ஆள் கேட்டீங்களே, மேடம்.”

டிரைவரம்மாவின் முகம் சிவந்தது. தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று இருவரும் பதறிப்போனார்கள். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரித்தபடியே அந்த ஐம்பது வீடுகளுக்கும் பழைய டிரைவரைத் திருப்பி அனுப்பினாள். சாக்லேட் பெட்டியைப் பிரித்து முதல் சாக்லேட்டை ஸ்பீட் பிரேக்கர் கையில் வைத்தாள்.

“நீங்க ஜெயிச்சீங்க சார். பழசையும் படிக்கிற மாதிரி எழுதிடறேன், ரெண்டு நாள் கொடுங்க.”

“என்ன மேடம், திடீர்னு ஞானோதயம்?”

“அந்தப் பெரியவர் சொன்னதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்லை சார்.”

சேவைப் பெண்ணுக்குத்தான் கவலை தீரவில்லை. “அவர் ரொம்பக் கோபமா இருக்கார் மேடம். நேர்ல போய் மன்னிப்புக் கேட்கிறீங்களா? விலாசம் எடுத்துத் தரட்டுமா?”

“வேண்டாம்மா.” டிரைவரம்மா கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசியை நிமிர்த்தி, எடுக்காமல் விட்ட வீட்டு எண்ணை அழுத்தினாள். “ஹலோ மாமா! நீங்க தேடுற அந்தப் புண்ணியவான், உங்க மருமகதான்!”