நத்தைக்கு ஒரு நோட்டு

இனி நெற்றியில் ஈரத்துணி போடுவது ஒன்றுதான் பாக்கி என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் நத்தைக்கு நெற்றி எங்கே என்று கணவன் தேட வேண்டியிருக்கும்.

"சத்தம் போடாம உக்காரும்மா. அஞ்சு நாளா அவன் சரியாச் சாப்பிடக்கூட இல்ல" என்று நாத்தனார் காதோரம் வந்து சொன்னாள்.

தோளில் இருந்த பையை அவள் கதவோரமே வைத்தாள். அதில் நான்கு நாளைக்கான துணி இருந்தது. கணவனை விட்டுத் தன் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. தன் தம்பி அடியோடு மாறிவிட்டான், ஒரு தடவை வந்து கண்ணால் பார், பிறகு உன் இஷ்டம் என்று நாத்தனார் போனில் கெஞ்சியிருந்தாள். அவள் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் துணி எடுத்து வைத்திருந்தாள்.

பார்க்க நிறையத்தான் இருந்தது. மீன்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதற்குள் கொஞ்சம் மணல்மேல் கவிழ்ந்தபடி மஞ்சள் நத்தை. வெளிச்சம் கூசாமல் இருக்கச் சுவரைப் பார்த்துத் திருப்பிய விளக்கு. தண்ணீரின் சூடு பார்க்க ஒரு கருவி. வேகவைத்த வெள்ளரிக்காய்த் துண்டு, டப்பாவில் முட்டை ஓட்டுப் பொடி. எதிரே நாற்காலியில் அவன், மடியில் நோட்டு. பம்ப் தொழிற்சாலையில் தரம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். இங்கேயும் கட்டம் போட்டிருந்தான். எட்டு மணி: அசைவு இல்லை. ஒன்பது மணி: அசைவு இல்லை. பத்து மணி: வெள்ளரிக்காயைத் தொடவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். ஓட்டின் விளிம்பில் அந்தச் சிறிய உடைசல். அவள் வாங்கி வளர்த்த நத்தையேதான். நிமிர அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"ஏக்கம்தான். வேற ஒண்ணுமில்ல. நீ போனதுலேருந்து" என்றான்.

"யாருக்கு?"

"நத்தைக்கு."

பிறகு அவன் எல்லாவற்றையும் விளக்கினான். தொட்டியைக் கழுவலாம் என்று நாத்தனார் சொன்னபோதுதான் கவனித்தானாம். அலுங்காமல் வலையால் மணலோடு அள்ளி இதில் வைத்தானாம். குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக இரண்டு நாள் வைத்திருந்துதான் ஊற்றுகிறானாம். மூன்று கடைக்காரர்களைக் கேட்டாகிவிட்டது. செத்திருந்தால் வீடே நாறிப்போகும் என்றார்களாம். நாற்றம் இல்லை, ஆகவே உயிர் இருக்கிறது. வேலைக்கு ஐந்து நாள் லீவு.

லீவு. எட்டு மாதத்துக்கு முன் டைபாய்டில் பதினோரு நாள் அவள் உள்ளறையில் கிடந்தாள். தினமும் அவன் வாசற்படியில் நின்று இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பான். அவள் வாயைத் திறப்பதற்குள் கீழே ஸ்கூட்டர் கிளம்பிவிடும். அந்தப் பதினோரு நாளில் ஒரு பம்ப்கூட அவன் கையெழுத்து இல்லாமல் வெளியே போகவில்லை.

"கையில எடுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"தொடலாமா? பயந்துடாது?"

நாத்தனார் உருகிப்போனாள். "கேட்டியா? ஒரு நத்தைக்கே இவ்வளவு பாக்கறவன் உன்னை விட்டுடுவானா? பழசெல்லாம் மனசுல வச்சுக்காத. இங்கேயே இருந்துடும்மா."

"உன் கை பட்டா பொழைச்சுக்கும்" என்றான் அவன். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவள் கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினாள். அவன் பேனா மூடியைத் திறந்தான். அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

"நான் திரும்பி வரல அண்ணி" என்றாள். சத்தம் போடாமல்தான்.

பையை எடுத்துத் தோளில் மாட்டியபோது பின்னாலிருந்து அவன் கேட்டான். "அப்ப இது?"

"பாத்துக்கிட்டே இருங்க. எழுதவும் மறக்காதீங்க."

அவள் டைபாய்டில் கிடந்தபோதே பட்டினியில் செத்துப்போன நத்தை அது. எழுந்து நடந்த முதல் நாள் ஓட்டைக் கழுவி, காலி ஓடாவது இருக்கட்டும் என்று தொட்டி மணலில் கவிழ்த்து வைத்தவள் அவள்தான். அன்று மதியமே சாப்பாட்டு மேசையில் அதை அவனிடம் சொன்னபோது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அவன் "ம்" என்றிருந்தான்.