குழிமேல் ஒரு குக்கர்

ஊட்டியில் பார்வையற்றோர் கோல்ஃப் இறுதிச் சுற்று. பந்து இந்த அடியில் குழிக்குள் விழுந்தால் கோப்பை ஹெப்சிபாவுக்கு. மட்டையைப் பந்தின் பின்னால் நிறுத்தி, குழி இருக்கும் திசையைச் சொல்ல வேண்டியவன் அவளுடைய வழிகாட்டி செல்வின். அவனோ கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"குழி தெரியலக்கா. அதுமேல குக்கர் விளம்பரம் நிக்குது."

பார்வையுள்ள எல்லோருக்கும் கண்ணுக்குள்ளேயே விளம்பரம் ஓடும் காலம் அது.

"தள்ளி விடேன்டா."

"முழுசாப் பார்த்தாத்தான் போகும். அது போனா புடவை வரும்."

ஹெப்சிபாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, புல்லின் சரிவைக் காலால் அளந்தபடி நடந்தாள். பன்னிரண்டாவது எட்டில், குழிக்குள் நட்டிருந்த கொடிக்கம்பு கையில் தட்டுப்பட்டது.

"இங்கயே நின்னு இதைத் தட்டிக்கிட்டே இரு."

பன்னிரண்டு எட்டு திரும்பி வந்து, சத்தத்தைப் பார்த்து அடித்தாள். பந்து உருண்டோடிக் குழிக்குள் களுக்கென்று விழுந்தது.

நடுவர் உதட்டைப் பிதுக்கினார். "விழுந்ததைக் கண்ணால பார்த்த சாட்சி வேணும்மா. எனக்கும் குக்கர்தான் தெரிஞ்சுது."

ஹெப்சிபா மறுபடி நடந்துபோய், குழிக்குள் கையைவிட்டுப் பந்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது என்ன சார்?"

அவர் உற்றுப் பார்த்தார். "அஞ்சு லிட்டர் குக்கர்."

"கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க."

மூடினார், தடவினார், முகம் மலர்ந்தது. மூடிய கண்ணைத் திறக்காமலே பேனாவை வாங்கி, தீர்ப்புத் தாளில் கோணல்மாணலாக எழுதினார்: 'என் கண்ணால் கண்டேன்.'