எந்த நாட்டுப் பலகை உசத்தி?

துறைமுகத்தை ஒட்டிய மரக்கடையில் இரண்டு பைன் பலகைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று பனி நாட்டிலிருந்து வந்தது. மற்றது தீவு நாட்டிலிருந்து வந்தது.

"ஒரு காலத்தில் இந்த ஊருக்குக் கப்பல் கப்பலாக வந்தது எங்கள் நாட்டு மரம்தான்," என்றது பனி நாட்டுப் பலகை.

"அது பழைய கதை ஓய்! இப்போது எங்கள் கப்பல்களுக்கே துறைமுகத்தில் இடம் போதவில்லை. எங்கள் மரம் அவ்வளவு மென்மை," என்றது தீவுப் பலகை.

"எங்களுடையது வெண்ணெய்! உளி வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும்."

தரையிலிருந்து ஒரு கறையான் எட்டிப் பார்த்தது. "காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கோ பசி. உங்கள் இருவரில் யார் ரொம்ப மென்மை?"

பலகைகள் இரண்டும் வெலவெலத்துப் போயின.

"அண்ணாச்சிதான்," என்றது பனி நாட்டுப் பலகை அவசரமாக. "அவர் நாட்டு வியாபாரம்தானே இப்போது ஓகோ என்று நடக்கிறது!"

"ஐயோ, அண்ணாச்சிக்கு முன்னால் நான் எம்மாத்திரம்! அவர்கள் காலங்காலமாக விற்றவர்கள்," என்றது தீவுப் பலகை.

கறையான் நெகிழ்ந்துபோனது. "இவ்வளவு மரியாதை தெரிந்தவர்களைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை," என்று சொல்லிவிட்டு, இரண்டும் ஒட்டிக் கிடந்த இடத்தில் வாயை வைத்தது.