பதினாறு படங்கள்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வாசலில், உருகும் பனிச்சேற்றில் கால் நனைய நிற்கிறாள் சிசுரு. எண்பத்து மூன்று வயது அப்பா தொகுஜி, ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க முதியோர் எழுத வேண்டிய ஞாபகத் தேர்வின் சான்றிதழை விசிறிபோல ஆட்டிக்கொண்டு வருகிறார்.

"பதினாறு படத்தையும் ஒப்பிச்சிட்டேன்! பீரங்கி, காது, ரேடியோ... வாத்தியாரே அசந்துட்டார்!"

அப்பா தோற்க வேண்டுமென்று காலையில்தான் ஷிண்டோ கோயிலில் மணியடித்து வேண்டியிருந்தாள்.

"போன வாரம் பக்கத்து வீட்டு வேலிய இடிச்சீங்களே, அதக் கேட்டாங்களாப்பா?"

"எந்த வேலி?" முகத்தில் நிஜமான வியப்பு. காரின் நசுங்கிய மூக்கில் வெயில் பளபளக்கிறது. மலையூருக்குப் பஸ் நின்று மூன்று வருடமாகிறது. 'பொண்ணுக்கு எதுக்கு வண்டி' என்று அவளைக் கற்கவிடாதவரும் இவர்தான்.

"ஏறு முட்சுயே, வீட்டுக்குப் போலாம்."

அது இறந்துபோன அம்மாவின் பெயர். சிசுரு ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொள்கிறாள்.