சாவியைத் திருப்பித் தந்தவர்

வீட்டு வசதி அலுவலகத்தில், செருப்புத் தைப்பவர் தன் வீட்டுச் சாவியை அதிகாரியின் மேசைமேல் வைத்தார்.

"வேணாங்கய்யா. நீங்களே எடுத்துக்குங்க."

அதிகாரிக்குச் சுருக்கென்றது. "எட்டு வருஷம் மேம்பாலத்துக்கு அடியில கிடந்தே. குறைஞ்ச வாடகையில வீடு குடுத்தோம். இனிமே தெருவுல படுக்கிற ஆளே இருக்க மாட்டாங்கன்னு மேலிடத்துக்கு எழுதியும் அனுப்பிட்டேன். இப்ப வந்து என் தலையில கல்லைத் தூக்கிப் போடுறியே!"

"வீட்டைக் குறை சொல்லலைங்க. தண்ணி வருது, காத்து வருது. பஸ்தான் வரமாட்டேங்குது. ரயில் ஸ்டேஷன் வாசல்ல கடை போட ரெண்டு மணி நேரம் நடக்கணும். அதான் மறுபடியும் பாலத்துக்கு அடியிலயே படுத்துக்கிறேன்."

"சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு! அதே குடியிருப்புலதான் எனக்கும் வீடு. நான் என்ன, சாவியைத் தூக்கிப் போட்டுட்டா வந்தேன்?"

செருப்புத் தைப்பவர் வெட்கத்தில் தலைகுனிந்தார்.

அப்போது துப்புரவுப் பணியாளர் அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சார், மொட்டை மாடியில உங்க லுங்கி காஞ்சிடுச்சு. பெரிய மேடம் வர்றாங்களாம். அலமாரிக்குப் பின்னாடி இருக்கிற உங்க பாய், தலையணையை எங்கேயாவது ஒளிச்சு வைங்க."

செருப்புத் தைப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஐயா, பஸ் கேட்டு ஒரு மனு எழுதிக் குடுக்கட்டுங்களா?"

அதிகாரி சாவியை அவர் பக்கமே தள்ளிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"நானே எழுதுறேன். முதல் கையெழுத்து நீ போடு" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவதா என் சம்சாரம் போடுவா. என் மூஞ்சியைப் பார்த்தே மூணு வாரம் ஆச்சுன்னு அங்கே குதிச்சுக்கிட்டு இருக்கா."