பயிற்சிக் கூடத்துக்கு ஒரு ஓட்டு

"இடிச்சுத் தள்ளிட்டு கதகதப்பா ஒரு லைப்ரரி கட்டலாம்னா, என்னமோ மாதா கோயிலை இடிக்கிற மாதிரி பாக்கறாங்க" என்று முணுமுணுத்தார் கவுன்சிலர் ஹெக்டர்.

"மெதுவாப் பேசுங்க. சார்ஜென்ட் முன்வரிசையில உக்காந்திருக்கார்" என்றாள் நகரசபைத் தலைவி மேவிஸ்.

தார்ன்பெக் ஊரின் பழைய ராணுவப் பயிற்சிக் கூடத்தில்தான் கூட்டம். அதை இடிப்பதா, காப்பதா என்று இன்றைக்கே முடிவாக வேண்டும். ஹீட்டர் என்றைக்கோ மண்டையைப் போட்டிருந்ததால் எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வரலாறு என்று பார்த்தால் பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. விக்டோரியா ராணி காலத்தில் இங்கே குறிபார்த்துச் சுட்டுப் பழகிய தொண்டர் படை வீழ்த்தியது, கசாப்புக்காரரின் பன்றி ஒன்றைத்தான். முதல் உலகப்போருக்குக் கம்பீரமாகக் கிளம்பிய படை, பேண்டு வாத்தியக்காரர்கள் வழி தவறியதில் சந்தைக்குள் புகுந்து முட்டைக்கோஸ் குவியலில் சரிந்தது. அப்புறமும் பல வருஷம் பயிற்சி நடந்தது; அதுவும் நின்றபின் பாட்மின்டன், பழைய துணி விற்பனை, எலிகள்.

மேவிஸுக்கு அந்தக் கட்டடத்தைக் கண்டாலே ஆகாது. லைப்ரரி கட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் தேர்தலில் ஜெயித்திருந்தாள்.

ஆனால் சார்ஜென்ட் வில்ஃப்ரெட் இருக்கிறாரே. இங்கே பயிற்சி எடுத்தவர்களில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். இந்தக் கட்டடத்தைப் பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் பதக்கங்களை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். வாயைத் திறக்க மாட்டார். அவர் மனதில் இருப்பதைக் கிளறுவது மரியாதையில்லை என்று ஊரிலும் யாரும் கேட்டதில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சரிபாதி. தலைவியின் ஓட்டுதான் பாக்கி.

மேவிஸ் முன்வரிசையைப் பார்த்தாள். கிழவரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு மனசு உருகிப் போயிற்று. லைப்ரரியாவது ஒன்றாவது.

"இடிக்க வேண்டாம்" என்று கையைத் தூக்கினாள். ஹெக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

மேவிஸ் மேடையிலிருந்து இறங்கி வந்து கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்காகத்தான் சார்ஜென்ட். நீங்க அழுததைப் பாத்ததும் என்னால தாங்க முடியலை."

"அழுதேனா? இந்தப் பாழாப்போன இடத்துக் குளிருக்கு என் கண்ணு எப்பவும் இப்படித்தாம்மா ஒழுகும்" என்றார் வில்ஃப்ரெட். "சின்ன வயசுல இங்க என்னை முட்டி தேய தேயத் தவழ விட்டானுங்க. இது இடிஞ்சு விழறதை ஒரு தடவை கண்ணால பாத்துடணும்னுதான், இத்தனை வருஷமா சாகாமக் கெடக்கேன்."