வாடகைக்கு வந்தவள்

“சோத்துத் தட்டத் தூக்கி மூஞ்சில அடிச்சானா? அவனெல்லாம் ஒரு மனுசனாம்மா?”

புக்கிட் செந்தோசா வீட்டில் நின்று நல்லசாமி கேட்ட கேள்விக்கு, எங்கோ தொலைவில் இருக்கும் அசாம் ஜாவா ஊரின் செம்பனை மரங்களில் உட்கார்ந்திருந்த கொக்குகள் பறந்திருக்கும். முப்பது வருடம் எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து வளர்த்த குரல். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். குரல் மட்டும் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

வீடு பார்க்க வந்த துளசி தலையைக் குனிந்துகொண்டாள். புருசன் அடி தாங்காமல் வெளியேறும் பெண்ணுக்கு ஒரு வீடு வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தாள். இது கிடைக்காவிட்டால் அந்த அடிக்கே திரும்பிப் போக வேண்டியதுதான் என்றும் சொன்னாள்.

வீடு நல்லசாமியின் மனைவி கங்கா பேரில் இருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் கால்கடுக்க நின்று வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து சாவி நல்லசாமியின் இடுப்பில்.

துளசி மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். உப்பு குறைந்ததற்கு ஓர் அறை. பேங்க் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டது. கைப்பேசியைச் சுவரில் அடித்தது. ஒரு தீபாவளியன்று குளியலறையில் வைத்துப் பூட்டியது. ஒவ்வொன்றுக்கும் நல்லசாமி கோபத்தில் ஓர் அங்குலம் உயர்ந்தார். தலை போய் மின்விசிறியில் இடிக்காதது அந்த வீட்டின் அதிர்ஷ்டம்.

சுவரோரம் நின்ற கங்காவைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டுக்கிட்டியா? ஒனக்கெல்லாம் நான் கெடச்சேன் பாரு.”

கங்கா தலையாட்டினாள்.

அந்த ஆள் தேடி வந்து கதவை உடைத்தால் என்ன செய்வது என்று துளசி இழுத்தாள். அது போதும் நல்லசாமிக்கு. மறுநாளே வேலையில் இறங்கினார். வாசலுக்கு இரும்பு கிரில். கதவுக்கு உள்ளிருந்து போட மூன்று தாழ்ப்பாள்கள், ஒவ்வொன்றும் யானைத் தந்தம் பருமன். சிறைச்சாலைக்காரர்கள் பார்த்திருந்தால் அளவெடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். எல்லாம் தம் கையாலேயே பொருத்தினார். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு மகேந்திரனிடம் போய், எவனாவது வந்து இந்தக் கதவைத் தட்டினால் யோசிக்காமல் போலீசுக்குப் போன் போடும்படி கட்டளையிட்டு வந்தார்.

உங்களை மிரட்டிச் சாவியை வாங்கிவிட்டால் என்று துளசி மறுபடியும் இழுத்தாள்.

“எங்கிட்ட இருந்தாத்தானே வாங்குவான்?” மொத்தச் சாவிக்கொத்தையும் அவள் கையில் வைத்தார். “இனிமே நானே வந்தாலும் தொறக்க முடியாதுலா.”

சனிக்கிழமை காலை ஒரு சின்ன லோரி மெத்தை, அடுப்பு, நாலு பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனது. கூட்டித் துடைத்துக் கொடுக்கிறேன் என்று கங்காவும் வந்திருந்தாள். நல்லசாமி வாசலில் நின்று தம் கிரிலைத் தடவிப் பார்த்தார், தாஜ்மகாலைக் கட்டி முடித்தவர் போல. மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆனதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“துளசி பாத்துக்குவா. நீ கெளம்பு, கங்கா.”

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள்கள் விழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று.

நல்லசாமி குழம்பிப்போய்த் திரும்பினார். வாடகைக்கு வந்தவள் தெருவில், காரை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா நீ வெளிய இருக்க? அப்ப வீடு யாருக்கு?”

“ஆண்டிக்குத்தான். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல.” துளசி கண்ணாடியைப் பாதி ஏற்றினாள். “நான் சொன்னதுல ஒன்னுகூடவா உங்களுக்கு ஞாபகம் வரல, அங்கிள்?”